புருவத்துக்கு மட்டும் கூடாது: ஒரு எச்சரிக்கை வாசகத்தின் கதை

ஹேர் டை பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா? பொடி எழுத்தில் இரண்டு விஷயம் இருக்கும். முதலில் தோலில் கொஞ்சம் தடவிச் சோதிக்க வேண்டும். புருவத்துக்கோ இமை முடிக்கோ பூசக்கூடாது, பார்வை போய்விடலாம். தலைமுடிக்கு ஆகிறது, கொஞ்சம் கீழே இருக்கிற புருவத்துக்கு ஏன் ஆகாது? இந்த வாசகத்தின் பின்னாடியே போனால் 1933-ஆம் வருட அமெரிக்காவில் போய் நிற்கிறோம்.

ஹாலிவுட் நடிகைகளைப் பார்த்து, புருவத்தைப் பிடுங்கி மெல்லிய கோடாக்கி, பென்சிலால் கறுப்பாக வரைந்துகொண்ட காலம் அது. தினமும் வரைவது அலுப்பு. ஒருமுறை பூசினால் அழியாமல் நிற்கும் என்று சாயங்கள் வந்தன. அதில் ஒன்று லாஷ் லூர். அதில் இருந்த ரசாயனம் பாரா-ஃபீனைலின்டையமின், சுருக்கமாக பிபிடி.

பிபிடி மிகச் சின்ன மூலக்கூறு. சுலபமாக முடிக்குள் நுழையும். அங்கே ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கறுப்பு மூலக்கூறாகி வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொள்ளும். சாயம் நிற்பது அதனால்தான். ஆனா அதே சின்ன உருவம் தோலுக்குள்ளும் போகும். அங்குள்ள புரதத்தோடு ஒட்டினால், சிலருடைய உடம்பு அதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்ளும். முதல் தடவை ஒன்றும் ஆகாமல் பிறகொரு தடவை முகம் வீங்குவது இப்படித்தான். கண்ணைச் சுற்றிய தோல் வேறு ரொம்ப மெல்லியது.

லாஷ் லூரால் பல பெண்களுக்குக் கண் புண்ணானது. சிலருக்குப் பார்வை போனது. ஒருவர் இறந்தும் போனார். 1933-லேயே மருத்துவ இதழ்களில் இது பதிவாகிவிட்டது. ஆனாலும் அரசால் அதைப் பறிமுதல் செய்ய முடியவில்லை. 1906-ஆம் வருடச் சட்டம் உணவுக்கும் மருந்துக்கும்தான். அழகுசாதனம் அதில் வரவே இல்லை.

உணவு, மருந்து நிர்வாக அதிகாரிகள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் முன்-பின் படங்கள் அதில் இருந்தன. பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் 'பயங்கரங்களின் அறை'. அப்படியும் புதிய மசோதா ஐந்து வருடம் இழுத்தது. 1937-ல் ஒரு நச்சு மருந்து நூறு பேருக்கு மேல் பலிவாங்கிய பிறகுதான் வேகம் பிடித்தது. 1938 ஜூன் 25-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின்படி முதலில் பறிமுதலானது லாஷ் லூர்.

இதில் ஒரு சமரசமும் உண்டு. எச்சரிக்கை அச்சிட்டால் தலைமுடிச் சாயத்தை விற்கலாம் என்று சலுகை தரப்பட்டது. புருவ, இமைச் சாயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் கேள்விக்குப் பதில் இதுதான். தலைமுடிக்கு ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லவில்லை; சட்டம் கோடு போட்டது கண்ணருகில்.

நம் நாட்டில் 1940-ஆம் வருட மருந்துச் சட்டத்தில் அழகுசாதனம் சேர்ந்தது 1962 திருத்தத்தில். பிபிடி உள்ள டைகளுக்கு இங்கே விதித்த எச்சரிக்கையையும் 1938 வாசகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்.

புருவத்தில் நரை வந்தால், தலைக்குக் கலக்கின டையில் மிச்சத்தைத் தொட்டு வைக்கத் தோன்றும். பல வருஷமா பூசுறேன், ஒண்ணும் ஆகலையே என்பது உத்தரவாதம் இல்லை. நரைத்த முடியைக் கத்தரிக்கலாம், பென்சிலால் தீட்டலாம். சீக்கிரமே கன்னங்கரேலென்று பிடிக்கிற 'கறுப்பு மருதாணி'யிலும் பெரும்பாலும் இதே பிபிடிதான். அசல் மருதாணி அப்படிக் கறுக்காது.