நிற்கக் கூடாத சாலையும் கொதிக்கும் என்ஜினும்

தெற்கு அந்தமானின் ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை ஏறத்தாழ 50 கி.மீ. நீளும் சாலையில் வாகனங்கள் தனித்துச் செல்ல இயலாது. குறித்த நேரங்களில், காவல் துணையுடன், வரிசையாகவே அவை அனுப்பப்படுகின்றன. வேகம் மணிக்கு 40 கி.மீ.க்குள் இருக்க வேண்டும்; முந்துதல், படமெடுத்தல், வழியில் நிறுத்துதல் ஆகிய மூன்றுக்கும் தடை உண்டு. என்ஜின் சூடேறினால் வண்டியை ஓரங்கட்டி ஆறவிடுவது ஓட்டுநர்களின் பழைய வழக்கம். அவ்வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. நிற்கக் கூடாது என்ற தடை ஏன் வந்தது, என்ஜின் ஏன் கொதிக்கிறது என்னும் இரு கேள்விகளுக்கும் வரலாற்றில் விடை தேடலாம்.

இச்சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. 1956ஆம் ஆண்டின் தொல்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ்க் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட காடு அது. 1970களில் சாலைப்பணி நடந்தபோது ஜாரவாக்கள் அம்பெய்து எதிர்த்தனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1990களின் இறுதியில் அவர்கள் பகையின்றி வெளியே வரத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2002இல் காப்பிடத்தின் ஊடான சாலையை மூடுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயினும் போக்குவரத்து தொடர்ந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜாரவாக்களின் எண்ணிக்கை 380. வெளியுலக நோய்களுக்குப் பழகாத இத்துணைச் சிறிய சமூகத்தின் காட்டில் ஒரு பேருந்தோ காரோ பழுதாகி நிற்பதை வெறும் பயணத் தாமதமாகக் கொள்ள முடியாது.

இனி என்ஜினின் வரலாறு. 1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் ஊர்தி, நீரை ஆவியாக்கியே தன் வெப்பத்தைப் போக்கியது. 1888இல் பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அதை ஓட்டிச் சென்றபோது வழிநெடுக நீர் நிரப்ப வேண்டியிருந்தது. 1900இல் வில்ஹெல்ம் மேபாக் 8,070 சிறு குழாய்களைக் கொண்ட தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்தார். மெல்லச் செல்லும்போதும் காற்று கிடைக்க அதன் பின்னே ஒரு விசிறியை வைத்தார். பின்னாளில் நீரேற்றும் பம்பும், ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும், அழுத்தத்தைக் காக்கும் மூடியும் எல்லாக் கார்களுக்கும் பொதுவாயின. ஒவ்வோர் உறுப்பும் ஒரு பழைய இடர்ப்பாட்டுக்குக் கண்ட விடை. எனவே பழுதாய்வு என்பது, இவ்விடைகளுள் எது இப்போது செயலிழந்தது என்று கேட்பதே.

முதலில் விலக்க வேண்டிய சாக்கு வெயில். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரின் பகல் வெப்பம் பெரும்பாலும் 30 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. சென்னையின் கோடையைவிட இது தணிவு. சென்னைக் கோடையைத் தாங்கும் அதே வகைக் கார் இங்கே கொதித்தால் காரணம் காற்றில் இல்லை, காரில் இருக்கிறது.

அடுத்து, எப்போது சூடேறுகிறது என்பதே சான்று. வரிசையில் ஊரும்போது ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால் விசிறி, அதன் ஃபியூஸ், ரிலே, வெப்ப உணரி ஆகியவற்றை ஐயுற வேண்டும். ஏற்றத்திலும் வேகத்திலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்போ பம்பின் தேய்வோ காரணமாகலாம். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே முள் ஏறி, ரேடியேட்டரின் கீழ்க் குழாய் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை எனலாம். வெளியே கசிவில்லாமல் நீர் குறைந்து, தொட்டியில் குமிழிகளும் புகைபோக்கியில் ஓயாத வெண்புகையும் தோன்றினால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். மூடியும் எளிதில் மறக்கப்படுவது: கூடுதலாக 1 பார் அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 120 பாகையில்தான் கொதிக்கும், மூடி தளர்ந்தால் அக்காப்பு போய்விடும்.

தீவுக்கே உரிய காரணம் உப்பு. கடற்காற்று ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை அரிக்கிறது. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அது அழுக்கெனவே தோன்றும். விரலால் தொட்டால் உதிரும். உள்ளேயோ, கூலண்ட்டுக்கு மாற்றாக ஊற்றப்பட்ட வெறும் நீர் துருவையும் படிவையும் வளர்க்கிறது.

வரலாற்று மாணவர் அறிந்த எச்சரிக்கை ஒன்று இங்கும் பொருந்தும்: மூலத்தைத் திருத்தியபின் சான்று கிடைக்காது. அளவு குறிக்காமல் நீர் ஊற்றினால் கசிவின் அளவு மறைந்துவிடும்; தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் அது குற்றமுடையதா என்பதே தெரியாமற்போகும். குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து, அளவைக் குறித்து, ஒவ்வொன்றாகச் சோதிப்பதே முறை.

சோதனைக்கு ஏற்ற இடம் ஜிர்காடாங்கே. முறைக்காக வாகனங்கள் காத்து நிற்கையில் என்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, முள் ஏறுகிறதா, விசிறி சுழலத் தொடங்குகிறதா என்று நோக்கலாம். காட்டினுள் வரப்போகும் மெதுவான ஓட்டத்தின் ஒத்திகை அது. முள் ஏறிக்கொண்டே போகும் வண்டி அவ்விடத்திலேயே வரிசையிலிருந்து விலகிவிட வேண்டும். சாவடிக்கு இப்பால் அது ஒரு மெக்கானிக்கின் வேலை. அப்பால், பிறர் காட்டில் நிற்கும் அழையா விருந்து.