கடற்கரைக் கோயிலருகே ‘தற்காலிகம்’: சட்டம் யாருக்கு இடமளிக்கிறது?

ஆண்டுதோறும் மாசி மகத்தை ஒட்டி, வடதமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகின்றன. கழிகளை மணலில் நட்டு, சேலைகளையும் தார்ப்பாய்களையும் சுற்றிக் குடில் அமைத்துத் தங்குகின்றன. விடியற்காலையில் நீரோரம் மணலால் படிகள் அமைத்துக் கன்னியம்மனை வழிபடுகின்றன. திருமண நிச்சயமும் திருமணமும் பெயர்சூட்டலும் அங்கேயே நடைபெறுகின்றன. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் தோப்புகளிலும் சிதறி உழைக்கும் ஒரு பழங்குடிச் சமூகம் ஆண்டுக்கு ஒருமுறை தன் உறவுகளைச் சந்திக்கும் இடம் அது. சில நாள்களில் குடில்கள் பிரிக்கப்படுகின்றன; நிலையான கட்டுமானம் எதுவும் எஞ்சுவதில்லை.

இதே கடற்கரையில்தான் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயில் நிற்கிறது. மாமல்லபுரத்தின் நினைவுச்சின்னத் தொகுதி 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. 2019 அக்டோபர் 11 அன்று இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இக்கோயிலின் முன் அமைக்கப்பட்ட மேடையில் கலை நிகழ்ச்சி கண்டனர். பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சுற்றுலாப் பயணிகளின் வருகை நிறுத்தப்பட்டது. அவர்களை நம்பி மணியும் சங்கும் கற்சிற்பமும் விற்போருக்கு அது வருமானமற்ற காலம்.

அந்த மேடையும் தற்காலிகம். இருளரின் குடிலும் வியாபாரியின் தரைவிரிப்பும் தற்காலிகம். இவற்றைச் சட்டங்கள் எவ்வாறு பார்க்கின்றன என்பதை இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

நினைவுச்சின்னச் சட்டம்

பண்டைய நினைவுச்சின்னங்கள், தொல்லியல் களங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம் 1958-இல் இயற்றப்பட்டது. 2010 திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குமுறைப் பகுதி. முதற்பகுதியில் புதிய கட்டுமானம் கூடாது. இரண்டாவதில் முன் அனுமதி தேவை.

ஆனால் இத்தடை ‘கட்டுமானம்’ பற்றியது. ஒரு கட்டடத்தையோ கட்டமைப்பையோ எழுப்புவதையே சட்டம் கட்டுமானம் என்கிறது. கழியும் சேலையுமாக மூன்று நாள் நிற்கும் குடிலைப் பற்றி அது தனியே எதுவும் கூறவில்லை. இந்த மௌனத்தை நிரப்புவது களத்தில் நிற்கும் அலுவலரின் விளக்கம். ஓராண்டு கண்டுகொள்ளாமல் விடப்படுவது மறு ஆண்டு ஆக்கிரமிப்பு எனப்படுவதற்கு இதுவே வழி திறக்கிறது.

அதே வரையறையில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பொதுக் கழிப்பறை, வடிகால், பொதுமக்களுக்கான குடிநீர், மின் வழங்கல் ஆகியவை தொடர்பான பணிகள் ‘கட்டுமானம்’ என்பதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. ஆகவே, கூடும் குடும்பங்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும் அளிக்க நினைவுச்சின்னச் சட்டத்தின் கட்டுமானத் தடை குறுக்கே நிற்கிறது என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

1959-ஆம் ஆண்டு விதிகள் நினைவுச்சின்ன வளாகத்துக்குள் என்ன நடக்கலாம் என்பதைச் சொல்கின்றன. கூட்டம், வரவேற்பு, கலை நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு நடுவண் அரசின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சமய வழக்கத்தின்படி நடப்பவற்றுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. உரிமமின்றிப் பொருள் விற்பதற்குத் தடை உண்டு. இதில் ‘அங்கீகரிக்கப்பட்ட’ என்னும் சொல் முதன்மையானது. கல்வெட்டும் கோயில் ஆவணமும் உள்ளோரின் வழக்கம் எளிதில் அங்கீகாரம் பெறும். எழுத்தில் பதிவாகாத இருளர் வழக்கம் அதே மதிப்பைப் பெறப் போராட வேண்டியுள்ளது.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்

2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகத் தன்மையுள்ள மூன்றாம் வகைப் பகுதிகளின் கடற்கரைகளில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளை அனுமதிக்கிறது. சிற்றுணவுக் குடில், கழிப்பறை, உடைமாற்றும் அறை, நடைபாதை, குடிநீர், இருக்கை என அவற்றைப் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் இடைவெளி வேண்டும். கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தில் இடம்பெறும் சுற்றுலாத் திட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள்.

வழிபாட்டுக்காக வந்து தங்கும் மக்களின் குடில் அப்பட்டியலில் இல்லை. பணம் செலுத்தும் பயணியின் தற்காலிகத் தேவையைச் சட்டம் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது. ஆண்டுதோறும் வரும் பழங்குடியின் தேவையை அவ்வாறு எண்ணிப் பார்க்கவில்லை.

தெருவோர வியாபாரிகள்

கோயிலைச் சுற்றிய விற்பனையில் நரிக்குறவர், இருளர், தலித் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. தெருவில் வியாபாரம் செய்வது அரசமைப்பின் 19-ஆம் பிரிவு காக்கும் தொழில் உரிமை, அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அதை விரிவாக்கியது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன்பின் இடம் மாற்றுவதற்கும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட இயல்புச் சந்தையை விற்பனையற்ற பகுதியாக அறிவிக்க முடியாது. கூட்ட நெரிசல் மட்டுமே அத்தகைய அறிவிப்புக்குக் காரணமாகாது.

நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம் தரப்பட வேண்டும். வளாகத்துக்குள் உரிமமின்றி விற்கத் தடை என்பது, வெளியே உள்ள தெருவையும் மணற்பரப்பையும் காலி செய்யும் அதிகாரமாக விரிவடையாது. இவ்வேறுபாட்டை வெளியேற்ற நடவடிக்கைகளின்போது நாம் வலியுறுத்த வேண்டும்.

பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு

அரசமைப்பின் 15(2) பிரிவு, அரசு நிதியால் பேணப்படும் அல்லது பொதுமக்களுக்கு உரித்தான பொது இடங்களைச் சாதியின் பெயரால் எவருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொது வளங்களைப் பயன்படுத்துவதையும் சமய, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கேற்பதையும் தடுப்பதைக் குற்றமாக்கியது. விதியின்படி எடுக்கப்படும் ஒவ்வொரு நடவடிக்கையும் வன்கொடுமை ஆகிவிடாது. ஆயினும் ஒரே மணலில் ஒரு பிரிவினரின் பந்தல் அனுமதிக்கப்பட்டு, இன்னொரு பிரிவினரின் குடில் மட்டும் பிரிக்கப்பட்டால், அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

செய்ய வேண்டியவை

நினைவுச்சின்னங்களைக் காக்கும் விதிகளை நாம் எதிர்க்கவில்லை. கடல் அரிப்புக்கும் உப்புக்காற்றுக்கும் ஆளாகும் அக்கோயிலுக்குக் காப்பு தேவை. நாம் கேட்பது, தற்காலிகப் பயன்பாட்டுக்கான விதி முன்கூட்டியே எழுதப்பட வேண்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே. அதற்கு மூன்று வாயில்கள் உள்ளன.

முதலாவது, நினைவுச்சின்னத்துக்கான மரபுத் துணைவிதிகள். தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம் வரைவுகளை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. மாசி மகக் கூடுகை, அதன் இடம், நாள்கள், வசதிகள் ஆகியவற்றை அதில் சேர்க்கக் கோரலாம். இரண்டாவது, கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் கருத்துக்கேட்பு. மூன்றாவது, நகர விற்பனைக் குழுவும் அதன் விற்பனைத் திட்டமும்.

இம்மூன்றிலும் சான்று வேண்டும். முதியோரின் வாய்மொழி, பழைய ஒளிப்படங்கள், செய்தி நறுக்குகள், ஆண்டுதோறும் அமையும் குடில்களின் வரைபடம் ஆகியவற்றை இருளர் அமைப்புகளின் வழிகாட்டலோடு தொகுக்கும் பணியில் கல்லூரி மாணவர்கள் துணைநிற்கலாம். கழிப்பறை, குடிநீர், மருத்துவ வசதி பற்றிய மனுக்களை மாசி மகத்துக்கு வெகு முன்பே மாவட்ட நிர்வாகத்திடம் அளித்து, ஒப்புகைச் சீட்டைப் பாதுகாப்பது முதற்படி.