கண்டதும் கருதியதும்
உமர் (ரலி) அவர்களின் கொலை வழக்கில் ஒரு சாட்சியம்



ஹிஜ்ரி 23, துல்ஹஜ் மாதத்தின் இறுதி (கி.பி. 644 நவம்பர்). மதீனாப் பள்ளியில் ஃபஜ்ருத் தொழுகைக்குத் தக்பீர் கூறிய அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களை, முகீரா (ரலி) அவர்களின் அடிமையான அபூ லுஃலுஆ இருமுனைக் கத்தியால் குத்தினான். வலமும் இடமும் நின்ற 13 பேரையும் குத்தினான். அவர்களில் 7 பேர் மரணமடைந்தனர். பிடிபட்டோம் என்றறிந்ததும் தன்னையே மாய்த்துக்கொண்டான்.

குத்தியவன் யார் என்பதில் ஐயமில்லை. அவனுக்குப் பின்னால் சதி இருந்ததா என்பதே வரலாறு இன்றுவரை தீர்க்காத வினா.

அன்று ஸஃப்பில் நின்ற அம்ரு இப்னு மைமூன் (ரஹ்) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அருகில் நின்றதால் குத்தியதை அவர்கள் கண்டார்கள். பள்ளியின் ஓரங்களில் நின்றவர்களோ எதையும் அறியவில்லை. உமர் (ரலி) அவர்களின் குரல் கேட்காததால் 'சுப்ஹானல்லாஹ்' என்று கூறிக்கொண்டிருந்தார்கள். இடம் ஒன்று, நேரம் ஒன்று. ஆயினும் ஒவ்வொருவரும் அறிந்தது வேறு.

சதி என்ற ஐயத்திற்கு அடிப்படை, அப்துர் ரஹ்மான் இப்னு அபீபக்ர் (ரலி) அவர்களின் கூற்று. அபூ லுஃலுஆ, பாரசீகத் தளபதியாயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய ஹுர்முஸான், ஹீராவைச் சேர்ந்த கிறிஸ்தவர் ஜுஃபைனா ஆகிய மூவரும் இரகசியமாகப் பேசக் கண்டதாகவும், தம்மைக் கண்டு அவர்கள் திடுக்கிட்டு எழுந்தபோது நடுவில் பிடியுடைய இருமுனைக் கத்தி விழுந்ததாகவும் அவர்கள் கூறினார்கள். கொலைக் கத்தியும் அவ்வாறே இருந்தது.

இப்னு ஸஅத் பதிவு செய்துள்ள மற்றோர் அறிவிப்பில், கத்தியைக் கண்டவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி). அங்கே இருந்ததாகக் கூறப்படுவோர் ஹுர்முஸானும் ஜுஃபைனாவும் மட்டுமே. இறைச்சி வெட்டுவதற்கு என்று அவர்கள் பதிலும் சொல்லியிருக்கிறார்கள்.

ஸஹாபாக்களின் வாய்மையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கண்டவை எவை? ஒரு பேச்சும் ஒரு கத்தியும். பேசப்பட்டது இன்னதென்று சாட்சி கூறவில்லை. சதி என்பது கேட்டோர் செய்த முடிவு. அயலூரில் வாழ்ந்தவர்கள் கூடிப் பேசுவது இயல்பே. தன்மீது விதிக்கப்பட்ட வரியைப் பற்றி அபூ லுஃலுஆ முன்பே முறையிட்டிருந்தான் என்பதால், அவனுக்குத் தனிப் பகையும் இருந்தது. கொலைக் குற்றத்திற்கு நேர்மையான இரு சாட்சிகள் வேண்டும் என்பது ஃபிக்ஹின் சட்டம். ஐயத்தைத் தரும் அடையாளம் அந்தச் சாட்சியத்திற்கு ஈடாகாது.

எனினும், செய்தி கேட்ட மாத்திரத்தில் உமர் (ரலி) அவர்களின் மகன் உபைதுல்லாஹ் வாளெடுத்து ஹுர்முஸானையும் ஜுஃபைனாவையும் கொன்றார். கொலையாளியின் சிறுமியான மகளும் வெட்டப்பட்டாள். அவளுக்கெதிராக எந்தச் சாட்சியமும் இல்லை! கிஸாஸ் வேண்டும் என்பது அலீ (ரலி) அவர்களின் கருத்து. நேற்று தந்தை, இன்று மகனா என்று வேறு சிலர் தயங்கினார்கள். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தச் செல்வத்திலிருந்து தியத் வழங்கினார்கள். ஹுர்முஸானின் மகனே மன்னித்தார் என்று தபரீயில் வேறோர் அறிவிப்பும் உண்டு.

சிந்தியுங்கள்! அந்த இருவரும் விசாரிக்கப்பட்டிருந்தால் குற்றம் உறுதியாகியிருக்கலாம். அல்லது பழி நீங்கியிருக்கலாம். அவசரப் பழிவாங்கல் மூன்று உயிர்களோடு உண்மையையும் புதைத்துவிட்டது.

நம் மஹல்லாவின் பஞ்சாயத்துக்கு வரும் வழக்குகளிலும், "நீர் கண்டது என்ன? கருதியது என்ன?" என்று முதலில் பிரித்துக் கேட்போம், குற்றம் சாட்டப்பட்டவரையும் அழைத்துக் கேட்போம். செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத் நமக்கு இட்ட கட்டளையும் அதுவே.

அல்லாஹ் நம் நாவுகளையும் தீர்ப்புகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.