உறவின்முறைக் கல்வி நிலையங்கள்

ஒரு சமூகத்தார் தம் பொதுநிதியில் தொடங்கி, தம் சங்கத்தின் வழியாகவே நடத்திவரும் பள்ளி, கல்லூரிகள் இவை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, இராஜபாளையம் வட்டாரத்தில் இத்தகைய நிறுவனங்கள் பல உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்களை இவற்றோடு ஒப்பிடலாம். அங்கே கல்லூரி பல இனத்தாருக்கும் திறந்த பிறகும் மாணவர் சங்கங்கள் பல மூடியே இருந்தன. இங்கே வகுப்பறையில் எல்லாச் சாதியாரும் உட்காருகிறார்கள். நிர்வாகக் குழுதான் ஒரு சமூகத்தாருடையது.

தோற்றம்

19-ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரச் சீமையின் நாடார் வணிகர்கள் ஊர்தோறும் பேட்டை என்னும் வணிக வளாகம் அமைத்தனர். விற்கும் சரக்கில் இவ்வளவு என்று ஒரு சிறு பங்கை ஒதுக்கினர், அதுதான் மகமை. அதைத் திரட்டிக் கோயில், பேட்டை, பள்ளி எனச் செலவிட்ட அமைப்பே உறவின்முறை.

தனிப் பள்ளிக்கு அன்றைக்குக் காரணம் இருந்தது. கோயில் நுழைவு மறுக்கப்பட்ட சமூகம் அது. அந்தப் பூசலே 1899-இல் சிவகாசிக் கலவரமாக வெடித்தது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது.

விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1880-களில் எழுந்தது. ‘சத்திரிய’ என்ற சொல்லே அன்று ஓர் உரிமைக் கோரிக்கை. வீட்டுப் பெண்கள் உலையில் இடுமுன் எடுத்துவைத்த பிடி அரிசியும் அதற்கு நிதியானதால், ‘பிடியரிசிப் பள்ளி’ என்ற பெயரும் உண்டு. காமராசர் படித்த பள்ளி இது.

கல்லூரிகள்

விருதுநகரில் 1947-இல் விருதுநகர் இந்து நாடார்கள் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962-இல் வே.வ. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும் வந்தன. சிவகாசியில் சங்கத்தின் இடத்தை ஆலை முதலாளிகளின் குடும்பங்கள் எடுத்துக்கொண்டன. 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய இருவரில் ஒருவரான பி. அய்யநாடாரின் பெயரிலும் அவர் மனைவி ஜானகி அம்மாளின் பெயரிலும் 1963-இல் ஒரு கல்லூரி. 1968-இல் ஸ்டாண்டர்டு பட்டாசு நிறுவனத்தாரின் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி.

இந்த வழி நாடார்களோடு நிற்கவில்லை. அருப்புக்கோட்டைத் தேவாங்கர் கலைக்கல்லூரி நெசவாளர் சமூகத்தின் பெயரையும், இராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி தெலுங்கு மரபினரான ராஜுக்களின் பெயரையும் தாங்கியுள்ளன.

சேர்க்கை

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. சேர்க்கையும் இடஒதுக்கீட்டு விதிப்படி நடக்கிறது. பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1 என மொத்தம் 69 விழுக்காடு.

அமெரிக்காவில் ஒப்புமை

வெள்ளையர் சங்கங்கள் சேர்க்காத கறுப்பின மாணவர்கள் 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினர். 1908-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்னும் பெண்கள் சங்கம் பிறந்தது. தமிழரான தாய்க்குப் பிறந்த கமலா ஹாரிஸ் அதன் உறுப்பினர். தெற்காசிய மாணவர்கள் 1994-இல் பிங்காம்டனில் அயோட்டா நூ டெல்டாவை அமைத்தனர். அலபாமா பல்கலைக்கழகத்திலோ, வெள்ளையர் பெண்கள் சங்கங்கள் கறுப்பின மாணவியரை ஒதுக்குவது 2013-இல்கூடப் பெரும் சர்ச்சையானது. புறக்கணிப்பிலிருந்து பிறந்தவை என்ற வகையில் கறுப்பினச் சங்கங்களுக்கும் பிடியரிசிப் பள்ளிக்கும் உறவு நெருக்கமானது.

பெயர்ச் சிக்கல்

விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு 1997-இல், பட்டியல் சாதியினர் தம் வீரராகப் போற்றும் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டதையொட்டித் தென்மாவட்டங்களில் சாதி மோதல் மூண்டது. அவ்வாண்டே தலைவர்களின் பெயர்களைக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் அரசு நீக்கியது. காமராசர் மாவட்டமும் விருதுநகர் மாவட்டமானது. நாங்குநேரியில் சாதிப் பகையால் மாணவர் ஒருவர் வெட்டப்பட்டதை அடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குமாறு 2024-இல் பரிந்துரைத்தது. சாதிப் பிரிவுகளின் பெயரைத் தாங்கியிருந்த அரசு மாணவர் விடுதிகள் 2025-இல் ‘சமூகநீதி விடுதி’களாயின.

கல்லூரிகளின் பெயர்களை வாய்வழக்கு எப்போதோ சுருக்கிவிட்டது. விருதுநகர் மாணவர் ‘வி.எச்.என்.எஸ்.என்.’ என்றே சொல்வார். அந்த ஐந்து எழுத்துகளுக்குள் ‘நாடார்’ இரண்டு முறை இருக்கிறது.