லண்டன் டாக்சி ஓட்டுநரும் மூளை நெகிழ்வும்: ஓர் ஆய்வுமுறை வரலாறு

உளவியல் அறிமுக வகுப்பில் மூளை நெகிழ்வு என்ற பாடம் வந்ததும், எலினர் மக்வயர் குழுவினர் 2000இல் லண்டன் டாக்சி ஓட்டுநர்களிடம் நடத்திய ஆய்வு வந்துவிடும். அனுபவம் மூளையை மாற்றுகிறது என்பதற்கு அதையே சான்றாகக் காட்டுகிறோம். உண்மையில் அந்த முடிவு வலுப்பெற மேலும் 11 ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் ஆய்வுமுறை எப்படி இறுகியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூளை இளகக்கூடியது என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890லேயே எழுதினார். ஆனால் வளர்ந்தவர் மூளையில் நரம்புப் பாதைகள் மாறா என்ற நரம்பியல் அறிஞர் கஹாலின் கருத்துதான் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. 1960களில் பெர்க்லியில் ரோசென்ஸ்வைக், கிரெச், பென்னட், மரியன் டயமண்ட் ஆகியோர் அதை எலிகளைக் கொண்டு சோதித்தனர். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று, ஏணியும் விளையாட்டுப் பொருள்களும் நிறைந்த பெரிய கூண்டுக்குப் போகும்; இன்னொன்று வெறுங்கூண்டில் தனியே வளரும். எது எங்கே என்பதைக் குலுக்கல்தான் தீர்மானித்தது. செறிவான சூழலில் வளர்ந்த எலிகளின் பெருமூளைப் புறணி சற்றே தடித்திருந்தது. வேறுபாடு சில விழுக்காடுதான். ஆனால் பரம்பரையைக் காரணம் காட்டி அதைத் தள்ளிவிட வழியில்லை.

மனிதர்களைக் குலுக்கிப்போட்டுக் கூண்டில் வளர்க்க முடியாது. அங்கேதான் டாக்சி ஓட்டுநர்கள் கைகொடுத்தார்கள். லண்டனில் உரிமம் பெற, சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் ஆரத்துக்குள் உள்ள சுமார் 25,000 தெருக்களை மனத்தில் பதிக்க வேண்டும். ‘நாலெட்ஜ்’ எனப்படும் இத்தேர்வில் தேர்வாளர் இரண்டு இடங்களைச் சொல்வார். எந்தத் தெருவில் புறப்பட்டு எங்கே திரும்புவது என்று வரைபடம் பார்க்காமல் வரிசையாக ஒப்பிக்க வேண்டும். தயாராகவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

2000ஆம் ஆண்டு ஆய்வில் 16 ஓட்டுநர்களின் எம்.ஆர்.ஐ. படங்கள் டாக்சி ஓட்டாத 50 பேரின் படங்களோடு ஒப்பிடப்பட்டன. ஓட்டுநர்களுக்கு, நினைவோடும் வழியறிதலோடும் தொடர்புடைய மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாகவும் முன்பகுதி சிறிதாகவும் இருந்தன. தொழிலில் ஆண்டுகள் கூடக் கூடப் பின்பகுதியும் பெருத்திருந்தது. இது ஒட்டுறவு; காரணம் அல்ல. இயல்பிலேயே அப்பகுதி பெரிதாக உள்ளவர்கள்தான் இத்தொழிலுக்கு வருகிறார்களோ? மற்றவர்கள் பாதியில் விலகிவிடுகிறார்களோ? நாள் முழுக்க நெரிசலில் வண்டி ஓட்டுவதன் விளைவோ?

கடைசிக் கேள்விக்கு 2006இல் விடை வந்தது. அதே நகரில், அதே நெரிசலில், ஆனால் குறித்த வழித்தடத்தில் மட்டும் ஓட்டும் பேருந்து ஓட்டுநர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைத்தார்கள். எளிமையான தேர்வு, ஆனால் எனக்கு இத்தொடரிலேயே மிகவும் பிடித்த நகர்வு அதுதான். பேருந்து ஓட்டுநர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆகவே ஓட்டுவது காரணமல்ல.

மீதிக் கேள்விகளுக்கு, ஒரே ஆட்களை முன்னும் பின்னும் அளப்பதே வழி. மக்வயரும் அவருடைய சக ஆய்வாளர் வுல்லெட்டும் பயிற்சியைத் தொடங்கவிருந்த 79 பேரை ஸ்கேன் செய்துவிட்டுக் காத்திருந்தனர். 39 பேர் தேறினர். தொடக்கத்தில், தேறப்போகிறவர், தேறாதவர், பயிற்சியே பெறாதவர் ஆகியோரிடையே ஹிப்போகாம்பஸ் அளவில் வேறுபாடு இல்லை. இறுதியில் தேறியவர்களிடம் மட்டும் பின்பகுதியில் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. இது 2011இல் வெளியானது. இந்த மாற்றத்துக்கு விலையும் உண்டு: சிக்கலான ஒரு கோட்டுருவத்தைச் சிறிது நேரம் கழித்து நினைவிலிருந்து வரையும் சோதனையில் தேறியவர்கள் பின்தங்கினர்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. தேறியவர்கள் தேறாதவர்களைவிட வாரத்தில் ஏறத்தாழ இருமடங்கு நேரம் படித்திருந்தனர். அதிகம் படித்ததால் மூளை மாறியதா, மாறக்கூடிய மூளை வாய்த்தவர்கள் விடாமல் படித்தார்களா என்பதை இந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. குலுக்கல் இல்லாத ஆய்வின் எல்லை இது. பாடநூல் எழுதுவோர் 2000ஆம் ஆண்டு ஆய்வோடு நிறுத்தாமல் 2006, 2011 ஆய்வுகளையும் இந்த எல்லையையும் ஒரே பக்கத்தில் சேர்த்துத் தர வேண்டும்.