பழைய நாளிதழ்களில் ஒரு ஜெர்மானியப் பாட்டனார்

அமெரிக்காவில் ஸ்மித், மில்லர், கார்பென்டர் என்று பெயர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஆங்கிலேய வம்சம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களில் பலருடைய முப்பாட்டனார் ஷ்மிட், முல்லர், சிம்மர்மன் என்ற பெயரோடு கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மானியர். எல்லிஸ் தீவு அதிகாரிதான் பெயரை மாற்றிவிட்டார் என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். அது வெறும் கதை. அதிகாரிகள் கப்பல் கம்பெனி கொடுத்த பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் வந்தவர்களேதான்.

1820 முதல் முதலாம் உலகப் போர் வரை 50 லட்சத்துக்கும் அதிகமான ஜெர்மானியர்கள் அமெரிக்காவில் குடியேறினார்கள். 1882ல் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் பேர். நிலம் தேடி வந்தவர்களும் உண்டு, 1848 புரட்சி தோற்றபின் தப்பி வந்தவர்களும் உண்டு.

இவர்களில் ஒருவரைத் தேடுபவர் முதலில் பார்ப்பது மக்கள் தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'பிரஷ்யா' அல்லது 'பவேரியா' என்று மட்டும் இருக்கும். ஊர் தெரியாமல் ஜெர்மனியில் எந்த தேவாலயப் பதிவேட்டைத் தேடுவது? போதாக்குறைக்கு, 1890 கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி 1921ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பாழாகிவிட்டது. அதனால் 1880க்கும் 1900க்கும் நடுவில் 20 வருட இடைவெளி.

இங்கேதான் நாளிதழ்கள் கைகொடுக்கின்றன. அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய செய்தியை 1776 ஜூலை 5ம் தேதி முதலில் வெளியிட்டதே பிலடெல்பியாவின் ஜெர்மன் பத்திரிகைதான். 1890களில் இப்படி ஏறத்தாழ 800 ஜெர்மன் பத்திரிகைகள் அங்கே இருந்தன. அவற்றின் மரண அறிவிப்புகளில் பிறந்த கிராமம், சேர்ந்திருந்த சங்கம், மகள்களின் கணவர் பெயர் எல்லாம் கிடைக்கலாம். பிரிந்துபோன அண்ணனைத் தேடித் தம்பி கொடுத்த விளம்பரங்களும் உண்டு.

அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2007ல் தொடங்கிய 'க்ரானிக்லிங் அமெரிக்கா' தொகுப்பில் பால்டிமோரின் 'டெர் டாய்ச்சே கரெஸ்பாண்டென்ட்' போன்ற இதழ்களை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அவை 'ஃப்ராக்டூர்' என்ற பழைய எழுத்தில் அச்சானவை. அதில் சொல்லின் நடுவில் வரும் எஸ், எஃப் போலவே இருக்கும். கணினி 'ஹான்சன்' என்பதை 'ஹான்ஃபன்' என்று படித்துவிடும். எனவே சரியான பெயரோடு தவறான பெயரையும் போட்டுத் தேட வேண்டும்.

இந்தப் பத்திரிகைகளுக்குப் பெரிய அடி 1917ல் விழுந்தது. அமெரிக்கா போரில் இறங்கியதும், அயல்மொழிப் பத்திரிகைகள் போர் பற்றியும் அரசு பற்றியும் எழுதுவதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து தபால் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்று அந்த அக்டோபரில் சட்டம் வந்தது. 1918 மே மாதம் அயோவா மாநில ஆளுநர், பொது இடத்திலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று அறிவித்தார். பல பத்திரிகைகள் மூடப்பட்டன. பல வீடுகளில் பிள்ளைகளிடம் ஜெர்மன் பேசுவதையே பெற்றோர் விட்டுவிட்டார்கள்.

அதன் விலையை இன்று தேடுகிற பேரப்பிள்ளைகள் கொடுக்கிறார்கள். முப்பாட்டனாரின் மரண அறிவிப்பு கணினித் திரையில் கிடைத்துவிடுகிறது. அதைப் படித்துச் சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.