பட்டையின் கருமையும் நொதியின் செயலும்

செல் சமிக்ஞை ஆய்வுகளில் 'பாஸ்பேட் ஏறியிருக்கிறது, ஆகவே கைனேஸ் செயல்படுகிறது' என்ற முடிவு பெரும்பாலும் வெஸ்டர்ன் பிளாட்டில் தெரியும் ஒரு கரும்பட்டையை நம்பியே எழுதப்படுகிறது. அந்த 'ஆகவே' பல இடங்களில் நிற்காது என்பது என் வாதம்.

கோழியின் சார்க் கைனேஸை எடுத்துக்கொள்வோம். அதன் 416ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறினால் நொதி முடுக்கம் பெறுகிறது. வால்பகுதியிலுள்ள 527ஆம் டைரோசினில் ஏறினாலோ, அந்த வால் அதே மூலக்கூறின் எஸ்ஹெச்2 பகுதியில் போய்ப் பிணைந்து நொதியை முடக்கிவிடுகிறது. ரூஸ் சார்கோமா வைரஸின் சார்க் அடங்காமல் இயங்குவதற்கு 527 இருக்கும் அந்த வால்நுனி அதில் இல்லாததும் ஒரு காரணம். 1981 முதல் புழக்கத்துக்கு வந்த பொதுவான பாஸ்போடைரோசின் எதிர்ப்பொருள்கள் இவ்விரு இடங்களையும் பிரித்துக் காட்டா. முடுக்கமும் முடக்கமும் ஒரே கருமையாகவே தெரியும்.

குறிப்பிட்ட இடத்தை மட்டும் அறியும் எதிர்ப்பொருள்கள் இக்குழப்பத்தைப் பெரிதும் குறைத்தன. பாஸ்பேட் ஏற்றிய சிறு பெப்டைடை முயலுக்குச் செலுத்தி, கிடைக்கும் சீரத்திலிருந்து பாஸ்பேட் இல்லாத பெப்டைடில் ஒட்டுபவற்றைக் கழித்துவிடுவது நெடுநாள் வழக்கம். ஆனால் இடம் தெரிந்ததும் பொருள் தெரிந்துவிடாது. ஜிஎஸ்கே-3 பீட்டாவின் 9ஆம் செரினில் பாஸ்பேட் ஏறுவது அந்த நொதியைத் தடுக்கிறது. மனித இஆர்கே1-இலோ 202ஆம் திரியோனின், 204ஆம் டைரோசின் இரண்டிலும் ஏறினால்தான் முழுச் செயல்.

அளவிடுவதில்தான் பெரிய சிக்கல். பாஸ்போ பட்டையை மொத்தப் புரதப் பட்டையால் வகுத்துத் தரும் விகிதத்தைப் பலர் பாஸ்பேட் ஏறிய பங்காகவே வாசிக்கிறார்கள். இரண்டு எதிர்ப்பொருள்களின் பிணைப்பு வலிமையும் வேறு வேறு. ஆகவே அந்த எண் ஒப்பீட்டுக்கு உதவுமே தவிர, பங்கைச் சொல்லாது. ஐந்து மடங்கு உயர்வு என்பது 1 சதவீதம் 5 ஆனதாகவும் இருக்கலாம், 15 சதவீதம் 75 ஆனதாகவும் இருக்கலாம். செல்லுக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. பாஸ்-டேக் ஜெல்லில் பாஸ்பேட் ஏறிய வடிவம் மெதுவாக நகர்ந்து பின்தங்கும். அங்கே மொத்தப் புரத எதிர்ப்பொருள் ஒன்றைக் கொண்டே இரு வடிவங்களையும் ஒப்பிட்டுப் பங்கை மதிப்பிடலாம். இந்த எளிய சோதனையைப் பலர் ஏன் தவிர்க்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை.

கட்டுப்பாட்டுச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. லாம்டா பாஸ்படேஸ் சேர்த்ததும் பட்டை மறைந்தால், எதிர்ப்பொருள் பாஸ்பேட்டைச் சார்ந்து ஒட்டுகிறது என்று மட்டுமே பொருள். அது இந்த இடத்துப் பாஸ்பேட்தான் என்று காட்ட, செரினை அலனினாகவோ டைரோசினை பினைல்அலனினாகவோ மாற்றிய புரதம் வேண்டும். செல்லை உடைக்கும் கரைசலில் சோடியம் ஆர்த்தோவனடேட்டும் புளோரைடும் இல்லாவிட்டால், செல்லின் சொந்த பாஸ்படேஸ்களே நமக்கு முன் பாஸ்பேட்டை நீக்கிவிடும். (சவ்வை மறைக்கப் பால்பவுடர் வேண்டாம் என்பார்கள், அதிலுள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம்.)

இவை எல்லாம் சரியாக அமைந்தாலும் செயல் நிறுவப்பட்டதாகாது. நொதியைப் பிரித்தெடுத்து, அதன் வினைப்பொருளில் பாஸ்பேட் ஏற்றிப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை இல்லாத கட்டுரையில் 'பாஸ்பேட் கூடியது' என்று எழுதலாம்; 'செயல் கூடியது' என்று எழுத இதழாசிரியர்கள் அனுமதிக்கக் கூடாது.